லூசியானா நாட்குறிப்பு: ஆடாமல் விடமாட்டார்கள்

மார்ச் 19, புதன் – லாஃபாயெட்

ஹூஸ்டனிலிருந்து மூன்றரை மணி நேரம் என்று போன் சொன்னது. லேக் சார்ல்ஸ் தாண்டியதும் பிடித்துக்கொண்ட மழை அதை ஐந்தாக்கிவிட்டது. கூட வந்தவள் அண்ணன் மகள் யாழினி. சின்ன வயதிலிருந்து கர்நாடக வயலின் கற்றவள், இப்போது லூசியானாவின் பிரெஞ்சு வம்சத்தவர் பாடும் கேஜுன் பாட்டு என்று அலைகிறாள். "அத்தை, நீங்க வண்டி ஓட்டுங்க, பாட்டு நான் போடுறேன்" என்பதுதான் எங்கள் ஒப்பந்தம். அவள் போட்டதில் பாதி எனக்கு ஒரே பாட்டாகவே கேட்டது.

க்ரௌலி பக்கம் வந்ததும் மழை விட்டது. இருபுறமும் நெல் வயல்கள். தண்ணீர் தேங்கி நிற்க, சிவப்புத் தலை வைத்த கம்பிக் கூண்டுகள் வரிசை வரிசையாக முளைத்திருந்தன. நெல் அறுத்த வயலிலேயே தண்ணீர் கட்டி, வசந்தம் முடியும்வரை இறால் மாதிரி இருக்கும் க்ராஃபிஷ் பிடிக்கிறார்கள். அறுத்த தாளே அதற்குத் தீனி. நம் ஊர் இறால் பண்ணைக்காரர்கள் பார்த்தால் பொறாமைப்படுவார்கள்.

விடுதியில் எங்கள் பெயரில் அறை இல்லை. பணம் கட்டிய ரசீது என் கையில் இருக்கிறது, வரவேற்பில் இருந்த பையனோ "கணினி நாளைக்குத்தான் காட்டுகிறது" என்று அதையே மூன்று முறை சொன்னான். இரண்டு தெரு தள்ளி வேறொரு இடம் பிடித்தோம். நாற்பது டாலர் கூடுதல், குளிர்சாதனப் பெட்டி இரவெல்லாம் டிராக்டர் மாதிரி உறுமியது.

சாயங்காலம் ப்ளூ மூன் சலூன். முன்னால் பழைய மரவீடு, பின்கட்டில் கூரை போட்ட திறந்த மேடை. புதன்கிழமை இரவுகளில் இங்கே யார் வேண்டுமானாலும் கருவியோடு வந்து வட்டத்தில் உட்கார்ந்து வாசிக்கலாம். நான் எண்ணியபோது ஃபிடில் (வயலினுக்கு இங்கே அதுதான் பெயர்) ஏழு, துருத்தி வைத்த அக்கார்டியன் ஒன்று. அந்த ஒன்றே ஏழையும் அடக்கிக்கொண்டிருந்தது.

கேஜுன் மக்களின் கதை யாழினிக்கு மனப்பாடம். இன்று கனடாவில் நோவா ஸ்கோஷியா என்று சொல்லப்படும் இடத்தில் அகாடியா என்று ஒரு பிரெஞ்சுக் குடியிருப்பு இருந்தது. 1755 முதல் ஆங்கிலேயர்கள் அந்த மக்களைக் கப்பல் கப்பலாகத் துரத்தினார்கள். குடும்பங்கள் சிதறின. அலைந்து திரிந்த பலர் அடுத்த பத்தாண்டில் லூசியானாவின் சதுப்பு நிலத்துக்கு வந்து சேர்ந்தார்கள். வரும்போது கையில் இருந்தது ஃபிடிலும் பாட்டும். அக்கார்டியன் பின்னால் ஜெர்மானிய வியாபாரிகள் மூலம் வந்தது. இங்கே பிரெஞ்சு பேசிய கறுப்பின மக்களான க்ரியோல்களின் தாளமும் ப்ளூஸும் அதில் ஏறின. எத்தனையோ கை பட்ட சரக்கு இது.

முதல் அரை மணி நேரம் எனக்குத் தலைவலிதான். பாடுகிறவர் தொண்டை கிழியக் கத்துகிறார். அக்கார்டியன் விடாமல் அரைக்கிறது. அப்புறம் நாலைந்து ஜோடிகள் எழுந்து ஆட ஆரம்பித்தார்கள். அவர்கள் காலைப் பார்த்துக்கொண்டே கேட்டபோது பாட்டு தனித்தனியாகப் பிரிந்தது. இது மூன்று கணக்கு வால்ட்ஸ், இது இரண்டு கணக்கு டூ-ஸ்டெப், இங்கே திரும்பவேண்டும், இங்கே நிற்கவேண்டும் என்று எல்லாம் காலிலேயே எழுதியிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து கேட்கிற சங்கீதம் இல்லை இது என்று வந்த முதல் ராத்திரியே முடிவுசெய்துவிட்டேன்.

மார்ச் 20, வியாழன் – ஒப்பலூசஸ்

வெயில். காலையிலேயே முப்பது டிகிரி, காற்றில் பிழிந்தால் தண்ணீர் வரும்.

லாஃபாயெட்டுக்கு வடக்கே அரை மணி நேரம். நெடுஞ்சாலை ஓரத்துச் சுற்றுலாத் தகவல் நிலையத்தில் அமெடே ஆர்டுவானுக்கு 2018இல் வைத்த உலோகச் சிலை இருக்கிறது. ஆர்டுவான் கறுப்பினக் க்ரியோல் அக்கார்டியன் கலைஞர். 1929 முதல் 1934 வரை இசைத்தட்டுகளுக்கு வாசித்தார். அவற்றில் பலவற்றில் கூட வாசித்தவர் டென்னிஸ் மக்கீ என்கிற வெள்ளைக்கார ஃபிடில் கலைஞர். அந்தக் காலத்துத் தென்மாநிலத்தில் இப்படி ஒரு ஜோடி சாதாரண விஷயம் அல்ல. இன்று கேஜுன் இசைக்குழு எதுவானாலும் வாசிக்கிற வால்ட்ஸில் நல்ல பங்கு இவரிடமிருந்து வந்தது.

அவர் முடிவை இங்கே எல்லாரும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். ஒரு வீட்டு நடனத்தில் வியர்வை துடைக்க ஒரு வெள்ளைக்காரப் பெண் கைக்குட்டை கொடுத்தாள். அதற்காக வழியில் மடக்கி அடித்துப் போட்டார்கள். அதன்பிறகு மனம் தேறவேயில்லை. 1942இல் பைன்வில் மனநல மருத்துவமனையில் இறந்தார். "பாரம்பரியம்" என்று சொல்லிச் சொல்லி இந்த இசையைப் புகழும்போது இந்தக் கதையை விட்டுவிட்டுப் பேசுகிறவர்கள்மேல் எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

மதியம் சாலையோரக் கடையில் தட்டுச் சாப்பாடு, பன்னிரண்டு டாலர். சோறு, அதன்மேல் பழுப்பு நிறக் கறிக் குழம்பு, பக்கத்தில் பீன்ஸ், ஒரு ரொட்டி. எனக்கு அமிர்தம். யாழினி சைவம். "பீன்ஸில் என்ன இருக்கிறது?" என்று கேட்டாள். பரிமாறிய அம்மாள் பெருமையோடு "சாசேஜ்" என்றார். கீரையில்? பேக்கன். சோற்றில்? "ஒன்றுமில்லை, குழம்பு ஊற்றாவிட்டால்." வெறும் சோறும் உருளைக்கிழங்கு சாலடும் அவள் சாப்பிடுவதைப் பார்க்கப் பொறுக்காமல் அந்த அம்மாள் காசு வாங்காமல் ஒரு துண்டு பீச் பழக் கேக் கொண்டுவந்து வைத்தார். போகும்போதும் "பாவம், சாப்பிடவே இல்லையே" என்று என்னிடம் வருத்தப்பட்டார், ஏதோ நான்தான் பட்டினி போட்ட மாதிரி.

மார்ச் 21, வெள்ளி – ப்ரோ ப்ரிட்ஜ்

லெந்து, அதாவது ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம். கத்தோலிக்க ஊர், வெள்ளிக்கிழமை இறைச்சி கிடையாது. க்ராஃபிஷ் இறைச்சிக் கணக்கில் வராது என்பதால் தவம் இங்கே விருந்தாகிவிடுகிறது. மூன்று பவுண்ட் தட்டு இருபத்து நான்கு டாலர். சிவக்க வேகவைத்து, மிளகாய்ப் பொடி தூவி, சோளக்கதிரும் உருளைக்கிழங்குமாக மேசையில் கொட்டுகிறார்கள். பக்கத்து மேசைக் குடும்பத்தில் ஒரு பத்து வயதுப் பையன் தானாக எழுந்துவந்து வாலை எப்படித் திருகவேண்டும் என்று எனக்குச் செய்துகாட்டினான். காரம் ஆந்திரா அளவுக்கு. பாராட்டாகச் சொல்கிறேன்.

முன்னெல்லாம் லெந்து நாற்பது நாளும் நடனமே கிடையாதாம். இப்போது அந்தக் கட்டுப்பாடு தளர்ந்துவிட்டது. லா பூசியேர் என்கிற நடனக்கூடத்தை வெளியிலிருந்து பார்த்தோம். 1955இலிருந்து இருக்கிறது. சாயங்காலம் பெரிய மழை, தெரு முழுக்க மின்சாரம் போனது. அறையில் இருட்டில் உட்கார்ந்து கொசு அடித்தோம்.

மார்ச் 22, சனி – மாமூ, யூனிஸ்

இந்தப் பயணமே இந்த ஒரு நாளுக்காகத்தான். காலை ஆறரைக்குக் கிளம்பினோம்.

மாமூ சின்ன ஊர். ஃப்ரெட்ஸ் லவுஞ்ச் அதைவிடச் சின்னது. 1946இல் தொடங்கிய சாராயக்கடை, சனிக்கிழமை காலை மட்டும்தான் திறக்கும். 1962 முதல் இங்கேயிருந்து நடனம் வானொலியில் நேரடியாகப் போகிறது. காலை எட்டே முக்கால். உள்ளே நுழைந்தால் பீர் வாடை. கூடத்தின் நடுவில் கயிறு கட்டி இசைக்குழுவை நிறுத்தியிருக்கிறார்கள், சுற்றிலும் ஜோடிகள் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுழல்கிறார்கள். தேர் சுற்றிவருகிற மாதிரி. ஒருவர்மேல் ஒருவர் இடித்தால் "மன்னிக்கவும்" கூட இல்லை, ஒரு சிரிப்பு, அவ்வளவுதான். நடுநடுவே அறிவிப்பாளர் உரக்கடைக்கும் பலசரக்குக் கடைக்கும் பிரெஞ்சில் விளம்பரம் வாசிக்கிறார்.

தொப்பி போட்ட ஒரு பெரியவர் என் எதிரே வந்து ஒன்றும் பேசாமல் கையை நீட்டினார். எண்பது வயதாவது இருக்கும். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. முன்பின் தெரியாத ஆண், காலை ஒன்பது மணி, சாராயக்கடை. என் அம்மா இதைப் பார்த்தால் என்ன சொல்வார் என்று மனம் வேறெங்கோ போனது. "அத்தை, போங்க. இங்க இது மரியாதை. மாட்டேன்னாதான் தப்பா எடுத்துப்பாங்க" என்று யாழினி முதுகில் தள்ளினாள். போனேன். அவர் என் கையைப் பிடித்தவிதம் ஒரு பஸ் நடத்துனர் சீட்டுக் கிழிக்கிறதைவிட உணர்ச்சி குறைவானது. ஒரு, இரண்டு, மூன்று. ஒரு, இரண்டு, மூன்று. பாட்டு முடிந்ததும் நாற்காலிவரை கொண்டுவந்து விட்டு, தொப்பியைத் தொட்டு, அடுத்த பெண்ணைத் தேடிப் போய்விட்டார். அரை மணி நேரத்தில் வேறு இரண்டு பேர் கேட்டார்கள். ரப்பர் அடிச் செருப்பு தரையில் ஒட்டிக்கொண்டு முழங்காலைத் திருகியது. அதைக் கவனித்த ஒரு பாட்டி "தோல் அடி வைத்த காலணி வாங்கு" என்று பாத்ரூம் வாசலில் நிறுத்திச் சொன்னார்.

பத்து மணிக்கே அங்கிருந்து ஓடவேண்டியதாயிற்று. இருபது நிமிட ஓட்டத்தில் யூனிஸ். ஊருக்குக் கிழக்கே, நெடுஞ்சாலை 190இல் சவாய் மியூசிக் சென்டர். மார்க் சவாய் 1966இல் திறந்த கடை. அக்கார்டியன் செய்கிறவர், வாசிக்கிறவர். சனிக்கிழமை காலையில் கடைக்குள்ளேயே எல்லாரும் கூடி வாசிக்கிறார்கள். டிக்கெட் இல்லை. வருகிறவர்கள் பூடான் வாங்கிவருவது வழக்கம். அது சோறும் பன்றிக்கறியும் ஈரலும் அடைத்த வெள்ளைச் சாசேஜ். நானும் வழியில் இரண்டு பவுண்ட் வாங்கிப்போய் மேசையில் வைத்தேன். தாளத்துக்குத் தட்டும் முக்கோணக் கம்பி ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஒலிக்கவேண்டும் என்பது கடையின் சட்டம். பழைய வைக்கோல்வாரியின் பல்லை வளைத்துச் செய்த கம்பி அது. இரண்டு சேர்ந்தால் காது என்னவாகும் என்று கேட்டவர்களுக்குத் தெரியும்.

இங்கேதான் யாழினி வயலினை எடுத்தாள். பின்வரிசையில் உட்காரச் சொன்னார்கள். சுருதி சேரவில்லை. பக்கத்தில் இருந்தவர் குனிந்து, "நாங்கள் நாலு தந்தியையும் ஒரு முழு ஸ்வரம் இறக்கி வைத்திருக்கிறோம்" என்றார். காரணம் அக்கார்டியன். அதில் பத்தே பொத்தான். ஒவ்வொரு பொத்தானும் துருத்தியை அழுத்தினால் ஒரு ஸ்வரம், இழுத்தால் வேறொன்று. செய்யும்போதே ஒரு சுருதிக்குக் கட்டிவிடுவார்கள், பெரும்பாலும் மேற்கத்திய 'சி' சுருதிக்கு. வாசிக்கிறவர் வசதிக்கு அது ஏறி இறங்காது. ஆகவே ஃபிடில்காரர்கள் தந்தியை இறக்கிக்கொண்டு, தங்களுக்குப் பழகிய விரல் வைப்பிலேயே வாசித்துவிடுகிறார்கள். பாடுகிறவருக்கும் தப்பிக்க வழியில்லை, அக்கார்டியன் எங்கே நிற்கிறதோ அங்கே ஏறிப் பாடவேண்டும். புதன் ராத்திரி எனக்குத் தலைவலி தந்த அந்தக் கத்தல் இப்படி வந்தது. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் நூறு பேர் கால் சத்தத்தைத் தாண்டிக் கேட்கவும் அதுதான் உதவியது.

சுருதியை மாற்றிக் கட்டுவது கர்நாடக வயலின்காரிக்குப் பெரிய காரியமா? பாடகருக்குத் தக்கபடி கட்டிப் பழகிய கை. இரண்டு நிமிடத்தில் இறக்கிவிட்டாள். கஷ்டம் வேறிடத்தில் வந்தது. அவளுக்கு ஒரு தந்தியில் இழைத்து வாசிக்கத்தான் தெரியும். இவர்கள் எப்போதும் இரண்டு தந்தியைச் சேர்த்து இழுக்கிறார்கள், ஒன்றில் மெட்டு, இன்னொன்று சும்மா ரீங்கரிக்கிறது. "கமகத்தைக் குறை, வில்லை அழுத்து" என்று அந்த மனிதர் தன் மொழியில் சொன்னதை அவள் எனக்கு இப்படித்தான் சொன்னாள். மூன்றாவது வால்ட்ஸில் முகம் தெளிந்துவிட்டது.

பூடான் மேசை அருகே ஒரு பெரியவரோடு பேச்சு. பள்ளியில் பிரெஞ்சு பேசியதற்காக ஆங்கிலத்தில் நூறு வரி எழுதவைத்தார்களாம். 1921 மாநில அரசியல் சட்டம் பள்ளிப் பாடம் ஆங்கிலத்தில் மட்டும் என்றது. அந்தத் தலைமுறை பிள்ளைகளுக்கு மொழியைக் கொடுக்காமலேயே வளர்த்தது. இசையும் அப்படித்தான் ஒளிந்துகொண்டது. எண்ணெய்க் கிணறுகள் வந்தன, டெக்சஸ் பாணிப் பாட்டு வந்தது, அக்கார்டியன் பட்டிக்காட்டுச் சாமானாயிற்று. 1948இல் ஐரி லெஜுன் அக்கார்டியனோடு பதிவுசெய்த ஒரு வால்ட்ஸ் விற்றுத் தீர்ந்ததும்தான் நடனக்கூடங்கள் அதைத் திரும்ப மேடையேற்றின. 1964இல் கேஜுன் ஃபிடில் கலைஞர் டூயி பால்ஃபா நியூபோர்ட் நாட்டுப்புற இசைவிழாவுக்குப் போகிறார் என்றபோது உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று கேலி செய்தது. அங்கே பல ஆயிரம் பேர் எழுந்து நின்று கைதட்டினார்கள். திரும்பிவந்த பால்ஃபா பள்ளி பள்ளியாகப் போய் வாசித்தார். 1968இல் மாநில அரசே பிரெஞ்சு வளர்க்க ஒரு அமைப்பு உண்டாக்கியது.

"என் பேரன் என்னைவிட நல்ல பிரெஞ்சு பேசுகிறான். பாட்டுக்கு வரி எழுதவேண்டுமே, அதற்காகக் கற்றான்" என்றார் பெரியவர். பேரன் அந்தப் பக்கம் கித்தார் வாசித்துக்கொண்டிருந்தான்.

மார்ச் 23, ஞாயிறு – வெர்மிலியன்வில், திரும்பும் வழி

முழங்கால் வீங்கியிருந்தது. ஆனாலும் மதியம் ஒரு மணிக்கு வெர்மிலியன்வில் போனோம். லாஃபாயெட்டில் ஆற்றோரம் பழைய வீடுகளை வைத்துக் காட்டும் இடம். கூடவே ஒரு பெரிய மரக்கூடம். ஞாயிறு மதியங்களில் அங்கே நடனம்.

இன்று வாசித்தது இளைஞர் குழு. மின்கித்தார், டிரம்ஸ், ஃபிடில், அக்கார்டியன். நான் யாழினியிடம் நாலு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு இங்கேதான் பதில் கிடைத்தது. இத்தனை புதுமை செய்கிறவர்களை இந்த ஊர் ஏன் விலக்கவில்லை? லாஸ்ட் பையூ ராம்ப்ளர்ஸ் குழு ஃபிடிலை மின்சார இரைச்சலோடு கலந்து செய்த தொகுப்புக்கு 2018இல் கிராமி வாங்கியது. ஃபூஃபொலே, பைன் லீஃப் பாய்ஸ் என்று மற்ற குழுக்களும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள். ஊர்ப் பெரியவர்கள் முகம் சுளித்திருக்க வேண்டாமா?

அந்தக் குழு மூன்றாவது பாட்டாகத் தாங்களே கட்டிய ஒன்றை எடுத்தது. கித்தார் கரகரத்தது. வரிகள் கடற்கரை கரைந்து வீடு போவதைப் பற்றி என்று யாழினி சொன்னாள். தாளம் மட்டும் பழைய டூ-ஸ்டெப். தரை நிறைந்தது. தொப்பிப் பெரியவர்கள், ஹவாய்ச் சட்டைகள், அப்பாவின் பாதத்தில் ஏறி நின்ற ஒரு நாலு வயதுக் குழந்தை, யாருக்கும் கித்தார் உறுத்தவில்லை. இரண்டு பாட்டு கழித்து இன்னொரு புதுசு. நடுவில் தாளம் உடைந்து வேறு கணக்குக்குப் போனது. கேட்க நன்றாகவே இருந்தது. ஆனால் ஜோடிகள் ஒவ்வொன்றாக ஓரத்துக்கு வந்து தண்ணீர் குடிக்க ஆரம்பித்தன. யாரும் கூச்சல் போடவில்லை, எழுந்து போகவில்லை. ஆறேழு பேர்தான் தரையில் மிச்சம். பாடியவன் சிரித்துக்கொண்டே அக்கார்டியன் பையனைப் பார்த்துத் தலையசைத்தான். பாட்டைச் சுருக்கி முடித்துவிட்டு நேரே ஒரு பழைய வால்ட்ஸுக்குப் போனார்கள். தரை திரும்ப நிறைந்தது.

விமர்சகரும் சபாக்காரரும் செய்கிற வேலையை இங்கே கால்கள் செய்கின்றன. ஆட வந்தால் எவ்வளவு வேண்டுமானாலும் மாற்றிக்கொள், ஆட வராவிட்டால் எவ்வளவு பழசானாலும் உபயோகமில்லை. 1928இல் ஜோ ஃபால்கனும் கித்தார் வாசித்த க்ளியோமா ப்ரோவும் முதல் கேஜுன் இசைத்தட்டைப் பதிவுசெய்தபோது அதுவும் புது வியாபாரம்தானே? ஆனால் ஒன்று, இந்தக் காவலுக்குக் குறையும் உண்டு. மெதுவான, ஆடமுடியாத பழைய கதைப்பாட்டுகள் வீட்டுக்குள் பாட்டிகளோடு முடங்கிப்போனதற்கும் இதே கால்கள்தான் காரணம். யாழினி இதை ஒப்புக்கொள்ளவில்லை. வண்டியில் பூமாண்ட் வரை சண்டை.

நான் இரண்டு வால்ட்ஸ் மட்டும் ஆடினேன், மாத்திரை போட்டுக்கொண்டு. இரண்டாவதற்குக் கை நீட்டியது குழந்தையைப் பாதத்தில் ஏற்றியிருந்த அந்த அப்பா. குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். நான் தப்புத் தப்பாகக் கால் வைக்க, அவர் தன் காலை மாற்றிவைத்துச் சரிசெய்துகொண்டே வந்தார். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். ஹூஸ்டன் என்றேன். "அதற்கு முன்னால்?" மதுரை என்றேன். அங்கே என்ன ஆடுவீர்கள் என்றார். கோயில் திருவிழா, கரகாட்டம் என்று சொல்ல ஆரம்பிப்பதற்குள் பாட்டு முடிந்துவிட்டது.

நாலு மணிக்குக் கிளம்பினோம். ஸ்காட்டில் நிறுத்திப் பூடான் வாங்கி ஐஸ்பெட்டியில் வைத்தேன், வீட்டுக்காரருக்கு. யாழினிக்காக அந்தக் கடையில் சைவமாக எதுவும் இருக்கிறதா என்று கேட்டேன். "இறால் பூடான் இருக்கிறதே" என்றார்கள். லேக் சார்ல்ஸ் பெட்ரோல் பங்கில் வேர்க்கடலை வாங்கித் தின்றாள். அக்டோபரில் லாஃபாயெட்டில் நடக்கும் ஃபெஸ்டிவல் அகாடியன் விழாவுக்குத் திரும்ப வரவேண்டும் என்று அங்கேயே நாட்காட்டியில் குறித்துவிட்டாள். சரி என்றேன். தோல் அடிக் காலணி அறுபது டாலருக்குக் கிடைக்கிறது, இப்போதே வாங்கிப் பழக்கவேண்டும்.